கரண்ட் போகாத வீடு

“மைக்ரோவேவ் அடுப்பு சொல்றதை நம்பறதா, உங்க கம்ப்யூட்டர் சொல்றதை நம்பறதா?” என்று கேட்டார் துப்பறியும் அம்மையார்.

அந்த அலாரம் கண்காணிப்பு நிலையத்தில் இதுவரை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஜன்னல் இல்லாத நீள அறை. வரிசையாகத் திரைகள். ஒவ்வொரு திரைக்கு எதிரிலும் காதில் ஹெட்செட் மாட்டிய ஒருவர். ஊரில் எந்த வீட்டுக் கதவு நேரம் கெட்ட நேரத்தில் திறந்தாலும், அந்த வீட்டுச் சுவரில் இருக்கும் அலாரப் பெட்டி தன் வயிற்றிலிருக்கும் சிம் கார்டு வழியாக இங்கே வந்து கோள் சொல்லிவிடும். சிவப்பு வரி வந்தால் திருடன். மஞ்சள் வரி வந்தால் பெட்டிக்கே ஏதோ குறை. பச்சை வரி என்றால் வீட்டு மனிதர் யாரோ தன் நம்பரை அழுத்தித் திறந்தார் அல்லது பூட்டினார், கவலை வேண்டாம் என்று அர்த்தம்.

நேற்று மதியம் பல் டாக்டர் வீட்டிலிருந்து வந்தது பச்சை வரிதான். மூன்றாம் நம்பர் திறந்தார். சற்று நேரத்தில் மூன்றாம் நம்பர் பூட்டினார். அந்த வீட்டில் முதல் நம்பர் டாக்டருடையது. இரண்டாவது, இறந்துபோன அவர் கணவருடையது. மூன்றாவது, சமையற்காரம்மாவுடையது. சாயங்காலம் டாக்டர் வீடு திரும்பியபோது பீரோவில் அவருடைய அம்மாவின் வைர அட்டிகையைக் காணவில்லை. போலீஸ் இங்கே வந்து நின்றது. கடைசி மேசையில் ஆபரேட்டராக இருக்கும் இளம்பெண், அவள்தான் அந்தப் பச்சை வரிகளை அச்செடுத்துக் கொடுத்தாள். அந்த ஒற்றைத் தாளை வைத்து நேற்றிரவே சமையற்காரம்மாவை அழைத்துப் போய்விட்டார்கள். இன்று பிற்பகல் கோர்ட்டில் நிறுத்தப்போகிறார்கள்.

போலீஸ் கேட்டதற்கெல்லாம் அவள் உண்மையைத்தான் சொன்னாள். அவர்கள் கேட்காதது ஒன்று இருந்தது. அதை நினைத்துக்கொண்டு இரவு முழுக்க விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தாள்.

“அண்ணி, பேசாம மைக்ரோவேவையே சாட்சிக் கூண்டுல ஏத்திடுங்க. குறுக்கு விசாரணையில கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான்,” என்றார் அம்மையாரோடு வந்திருந்தவர். அம்மையாரின் கணவருக்குத் தம்பி. முன்மண்டையில் முடி விடைபெற்றுவிட்டது, பேச்சு விடைபெறவில்லை. அண்ணிக்கு வண்டி ஓட்டுவதும் உதவி செய்வதும் அவர்தான்.

“நீ சும்மா இரு,” என்ற அம்மையார் அவள் பக்கம் திரும்பினார். “டாக்டர் வீட்டு மைக்ரோவேவ்ல கடிகாரம் பூஜ்யம் பூஜ்யம்னு கண்ணடிச்சுக்கிட்டு இருக்கு. நேத்து அந்தத் தெருவுல கரண்ட் போச்சாம்மா?”

“போச்சு மேடம்,” என்றாள் அவள். “மதியம். ரொம்ப நேரம் வரல. திரை பூரா மஞ்சளாயிடுச்சு. அந்தத் தெருவுல இருக்கிற எங்க பெட்டி எல்லாம் கரண்ட் இல்ல, பேட்டரியில ஓடறேன்னு வரிசையா சொல்லிச்சு.”

“நீங்க என்ன செய்வீங்க?”

“ஒரு வீட்டுக்கு மட்டும் போச்சுன்னா போன் பண்ணிக் கேட்போம். தெருவுக்கே போனா அந்த வரிகளை மொத்தமா மூடிடுவோம். அது கரண்ட் ஆபீஸ் வேலை.”

“அந்த மஞ்சள் கூட்டத்துல டாக்டர் வீடு இருந்துச்சா?”

அவள் தேடினாள். டாக்டர் வீட்டுக்கு இடப்பக்க வீடு இருந்தது. வலப்பக்க வீடு இருந்தது. எதிர்வீடு இருந்தது. இன்னொரு தரம் மேலிருந்து கீழே வந்தாள். நேற்று மொத்தமாக மூடும்போது எது வந்தது என்று பார்த்தாளே தவிர, எது வரவில்லை என்று பார்க்கத் தோன்றவில்லை.

“இல்ல மேடம்.”

பின்னால் நின்ற சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். கழுத்துப் பட்டையை இறுக்கிக் கட்டும் மனிதர். “அதுல ஒண்ணும் அதிசயமில்ல மேடம். அந்த வீட்டுப் பெட்டியில பேட்டரி செத்திருக்கும். கரண்ட் போனதும் பெட்டியும் போயிருக்கும். செத்தவன் வந்து நான் செத்துட்டேன்னு சொல்லுவானா?”

“நியாயம்தான்,” என்றார் கொழுந்தனார். “எங்க குடும்பத்துலயும் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்ல.”

அம்மையார் திரையில் ஓரிடத்தில் விரல் வைத்தார். மஞ்சள் வரிகள் வந்து முடிந்து, கரண்ட் திரும்பி வருவதற்கு முன்பாக, நடுவில் தனியாக அந்த இரண்டு பச்சை வரிகள்.

“அப்போ இது என்ன சார்? தெரு பூரா கரண்ட் இல்லாத நேரத்துல, செத்த பெட்டி எழுந்து உக்காந்து, மூணாம் நம்பர் திறந்தாங்கன்னு சொல்லியிருக்கே.”

சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். “அப்படின்னா பேட்டரி நல்லா இருந்திருக்கு.”

“நல்லா இருந்தா, கரண்ட் போச்சுன்னு முதல்ல சொல்லியிருக்கணுமே.”

“சொல்லியிருக்கணும்தான்.”

“சொல்லல. ஆகவே பெட்டிக்குக் கரண்ட் போகல. வீட்டுக்குப் போச்சு, மைக்ரோவேவ் சாட்சி. ஆனா பெட்டிக்குப் போகல.” அம்மையார் குரலை உயர்த்தவில்லை. “அப்போ பெட்டி எங்க இருந்துச்சு?”

மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

“வீட்டுல இல்ல,” என்றாள்.

“கொஞ்சம் சத்தமா சொல்லும்மா.”

“பெட்டி அந்த வீட்டுல இல்ல மேடம். எந்தப் பெட்டி பேசுதுன்னுதான் எங்களுக்குத் தெரியும். அது எங்க இருந்து பேசுதுன்னு தெரியாது. விலாசம் நாங்க பதிஞ்சு வெச்சது. பெட்டி தன்னோட நம்பரை மட்டும்தான் சொல்லும்.”

“அதாவது ஒருத்தர் பெட்டியைக் கழட்டிக் கைப்பையில போட்டுக்கிட்டு வேற இடத்துக்குப் போயி, அங்க உக்காந்து சமையற்காரம்மா நம்பரை அழுத்தினா?”

“சமையற்காரம்மா வீட்டைத் திறந்தாங்கன்னுதான் எங்களுக்கு வரும்.”

“ஐயோ அண்ணி,” என்றார் கொழுந்தனார், “இது தெரிஞ்சிருந்தா நான் தினமும் ஆபீஸ்ல இருக்கிற மாதிரியே வாழ்ந்திருப்பேனே.”

சூப்பர்வைசருக்கு ரோஷம் வந்துவிட்டது. “அப்படியெல்லாம் யாரும் தூக்கிட்டுப் போயிட முடியாது. பெட்டிக்குப் பின்னால ஒரு பொத்தான் சுவரோட அழுந்தி இருக்கும். சுவரை விட்டு எடுத்த மறுநிமிஷம் இங்க சிவப்பு விழும்.”

“எப்பவுமா?”

“டெஸ்ட்ல போட்டிருந்தாத் தவிர.”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவருக்கே உறைத்தது. மெக்கானிக் வந்து வேலை பார்க்கும்போதோ, சுவருக்கு வண்ணம் அடிக்கும்போதோ பெட்டி தேவையில்லாமல் கத்தும். அதற்காக வீட்டுக்காரர் முன்கூட்டியே போன் செய்து, தன் ரகசியச் சொல்லைச் சொல்லி, கொஞ்ச நேரம் கண்டுகொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொள்வது வழக்கம். ஆபரேட்டர் அந்த வீட்டை ‘டெஸ்ட்’ என்று குறித்துவிடுவார். அதற்குப் பிறகு பெட்டி தொண்டை கிழியக் கத்தினாலும் கம்ப்யூட்டர் அதை ஓரமாகத் தள்ளி வைத்துவிடும்.

சூப்பர்வைசர் எட்டி அவளுடைய விசைப்பலகையைத் தட்டினார். டாக்டர் வீடு ‘டெஸ்ட்’டில் இருந்தது நேற்றுக் காலை ஒரு தரம், மாலை ஒரு தரம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். காரணம்: மீன் தொட்டி இடமாற்றம், சுவரில் துளை. ரகசியச் சொல்: சரிபார்க்கப்பட்டது. அந்தக் கட்டத்தில் ஒரு டிக். போட்டது அவள்.

“ரகசியச் சொல்லைச் சரியா சொன்னாங்களாம்மா?” என்று கேட்டார் அம்மையார்.

“சொல்லாம எப்படிப் போடுவா?” என்று முந்திக்கொண்டார் சூப்பர்வைசர். “சொல் கேக்காம டெஸ்ட்ல போட்டா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவோம். இங்க அது ஒண்ணுதான் மன்னிப்பில்லாத தப்பு.”

அவள் தலை தானாக ஆடியது.

“அந்த அழைப்பு பதிவாகியிருக்குமே?”

“வாடிக்கையாளர் லைன்ல வந்தா பதிவாகும். இது மெக்கானிக் லைன்ல வந்திருக்கு. அது பதிவாகாது.” சூப்பர்வைசர் புருவத்தைச் சுருக்கினார். “அந்த நம்பர் வெளியாளுக்கு எப்படிக் கிடைச்சுதுன்னு தெரியல.”

அவளுக்குத் தெரியும். அவள்தான் கொடுத்தாள்.

“ரகசியச் சொல் யார் யாருக்குத் தெரியும்?”

“டாக்டருக்கு மட்டும்தான்.”

கொழுந்தனார் மெல்ல விசில் அடித்தார். “அண்ணி, டாக்டர்தான் நம்மளை வேலைக்குக் கூப்பிட்டது. கூப்பிட்டவங்களையே பிடிச்சுக் கொடுத்தா அடுத்த கேஸ் யாரு கொடுப்பா?”

அம்மையார் அவர் பக்கம் திரும்பவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “பெட்டியைச் சுவர்ல இருந்து கழட்டிக் காட்ட ஒரு ஆள் வேணும் சார். இந்தப் பொண்ணைக் கொஞ்சம் அனுப்புங்க.”

வண்டியில் அவள் பின்இருக்கையின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டாள். காரின் கண்ணாடியில் வெயில் கூசியது. ஜன்னல் இல்லாத அறையில் பழகிய கண்.

முதல் பொய் அலாரம் எப்போது வந்தது என்று யோசித்தாள். டாக்டர் வீட்டுக் கதவு திறந்து சிவப்பு விழுந்தது. அவள் அந்த வீட்டுக்குப் போன் செய்தாள். எடுத்தவர், “அடடா, நான் டாக்டரோட தம்பிம்மா. மீனுக்குத் தண்ணி மாத்த வந்தேன். என்கிட்ட சாவி இருக்கு, நம்பர் இல்ல. இந்தச் சனியன் கத்துது பாரு,” என்று சிரித்தார். ரகசியச் சொல் தெரியவில்லை. அவள் விதிப்படி க்ளினிக்குக்குப் போன் செய்தாள். டாக்டர் சொல்லைச் சொன்னார், தம்பிதான் என்றார், அலாரம் மூடப்பட்டது. அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்து ஒரு நாள் டாக்டர் யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். “அவன்தான்னு குரல்லயே தெரியுதில்ல? எதுக்கு ஒவ்வொரு தடவையும் என் உயிரை எடுக்கறீங்க?” என்று சுள்ளென்று விழுந்தார்.

அன்றிலிருந்து அவள் க்ளினிக்குக்குப் போன் செய்வதை விட்டாள். அவர் “தங்கச்சி, நான்தான்” என்பார். அவள் “சரிங்கண்ணா” என்பாள். வாடிக்கையாளர் லைனில் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது என்று அவர் குறைப்பட்டபோது, பாவமாக இருந்ததால் மெக்கானிக் லைனைச் சொன்னாள். நாள் முழுக்க அவளோடு பேசுகிறவர்கள் பதறுவார்கள் அல்லது திட்டுவார்கள். இவர் ஒருவர்தான் சாப்பிட்டாயா என்று கேட்பார்.

நேற்றிரவு அச்செடுத்த தாளைப் போலீஸ் கையில் கொடுத்தபோது அந்த டிக் நினைவுக்கு வராமலில்லை. மீன் தொட்டிக்கும் சமையற்காரம்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். வாயைத் திறந்தால் வேலை போகும். வாடகை வீட்டில் அவள் சம்பளத்தை நம்பி அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். சமையற்காரம்மாவை நம்பி யார் யார் இருக்கிறார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்காமலிருக்கப் பாடுபட்டாள் என்பதுதான் சரி.

“காலையில சாப்பிட்டியாம்மா?” என்று முன்இருக்கையிலிருந்து திரும்பாமலே கேட்டார் அம்மையார்.

அவள் தலையை ஆட்டினாள்.

“வாயால சொல்லாம தலையை மட்டும் ஆட்டினா பொய் ஆகாதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க,” என்றார் அம்மையார், பொதுவாக.

“பின்கண்ணாடியில பாக்கறாங்கம்மா,” என்றார் கொழுந்தனார். “பயப்படாதே. பதினஞ்சு வருஷமா நானும் அதுலதான் மாட்டிக்கிட்டு இருக்கேன்.”

டாக்டர் கதவைத் திறந்தார். இன்று க்ளினிக்கை மூடிவிட்டார். ஆனாலும் பழக்கத்தில் வெள்ளைக் கோட்டை மாட்டியிருந்தார். “ஸ்டேஷனுக்குப் போனீங்களா? அவங்க ராத்திரி சாப்பிட்டாங்களாமா?” என்று கேட்டார். “புகார் எழுதிக் கொடுத்தது நான். கையெழுத்துப் போட்டதுல இருந்து கை என் கையா இல்ல.”

“அதுக்குத்தானே எங்களைக் கூப்பிட்டீங்க,” என்றார் அம்மையார்.

அலாரப் பெட்டி கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் வழியில் இருந்தது. மைக்ரோவேவ் இன்னும் கண்ணடித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மீன் தொட்டி. அதன் பக்கத்தில் ஒருவர் முழங்காலிட்டு, ரப்பர் குழாயால் தண்ணீரை வாளிக்கு இறக்கிக்கொண்டிருந்தார். நல்ல களையான முகம். கால்சட்டையை மடித்து விட்டிருந்தார்.

“என் தம்பி. அலங்கார மீன் கடை வெச்சிருக்கான்,” என்றார் டாக்டர். “நேத்துல இருந்து எனக்குத் துணைக்கு இங்கதான் இருக்கான்.”

“வாங்க, வாங்க,” என்றார் தம்பி. “இவங்க யாரு?”

ஹெட்செட்டுக்குள் கேட்ட அதே குரல். அதே இழுப்பு. இத்தனை நாள் அந்தக் குரலுக்கு அவள் வேறொரு முகத்தை வைத்திருந்தாள், கொஞ்சம் வயதான, சோர்ந்த முகத்தை. வாயைத் திறந்தால் அவருக்கும் தன் குரல் தெரிந்துவிடும். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“புதுசா நம்மகிட்ட சேர்ந்திருக்காங்க,” என்றார் கொழுந்தனார். “இன்னும் பேச ஆரம்பிக்கல. என் பேச்சைக் கேட்டுட்டு யாருக்கும் அந்த ஆசை வர்றதில்ல.”

அவள் திருப்புளியை எடுத்துப் பெட்டியிடம் போனாள். திருகுகளின் தலையில் புதுக் கீறல்கள் மினுங்கின. பெட்டியைக் கழற்றிக் கையில் எடுத்தாள். ஒரு புத்தகம் அளவு கனம்கூட இல்லை.

அம்மையார் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார். தெருவில் கரண்ட் போனதை, இந்தப் பெட்டி மட்டும் அதை அறியாமல் போனதை. யாரோ காலையில் வீட்டில் ஆள் இல்லாத நேரம் வந்து அட்டிகையையும் பெட்டியையும் எடுத்துப்போய், மதியம் வேறிடத்தில் உட்கார்ந்து சமையற்காரம்மாவின் நம்பரை அழுத்தி, மாலை நீங்கள் வருவதற்குள் பெட்டியைத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள் என்றார்.

“அப்படின்னா அவங்க எடுக்கல,” என்றார் டாக்டர்.

“எப்படியெல்லாம் யோசிக்கிறாங்க பாரு,” என்றார் தம்பி. “மதியம் நான் கடையிலதான் இருந்தேன். கடை நிறைய ஆளுங்க. இல்லேன்னா இங்க வந்து பாத்திருப்பேன்.”

“கேக்காமலே பதில் சொல்ற மாணவனை எந்த வாத்தியாருக்கும் பிடிக்கும்,” என்றார் கொழுந்தனார்.

அம்மையார் அதைக் காதில் வாங்காதவர் போல டாக்டரையே பார்த்தார். “இதைச் செய்யணும்னா கண்காணிப்பு நிலையத்துக்குப் போன் பண்ணி ரகசியச் சொல் சொல்லியிருக்கணும். சொன்னதா அங்க டிக் இருக்கு. உங்களைத் தவிர அந்தச் சொல் யாருக்கு டாக்டர் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. இவனுக்குக்கூடத் தெரியாது.”

“அப்போ போன் பண்ணினது நீங்க.”

“நானா? நான் எதுக்குப் பண்றேன்?”

தம்பி குழாயைப் பிடித்தபடியே, மிகவும் கனிவாகச் சொன்னார். “அக்கா, கோபப்படாம யோசி. மாமா போனதுல இருந்து உனக்கு எது நிக்குது ஞாபகத்துல? போன மாசம் அடுப்பை அணைக்காம க்ளினிக் போயிட்ட. நீயே போன் பண்ணிட்டு, நீயே அட்டிகையை எங்கேயாவது பத்திரமா வெச்சிட்டு மறந்திருப்ப.”

டாக்டரின் முகத்தில் கோபம் வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது. “அப்படியும் இருக்குமோ?” என்றார் தனக்குள். “நான்தானா?”

நேற்று ஒருத்தி உள்ளே போனாள். இன்று இன்னொருத்தி, தன் புத்தியையே சந்தேகப்பட்டுக்கொண்டு நடுக்கூடத்தில் நிற்கிறாள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு டிக்.

“டாக்டர் போன் பண்ணல,” என்றாள் அவள்.

எல்லோரும் திரும்பினார்கள். அவளுடைய குரல் எப்போதும் போல் தணிந்துதான் இருந்தது. ஆனால் அறை அமைதியாக இருந்தது.

“யாரும் ரகசியச் சொல் சொல்லல. நான் கேக்கவே இல்ல. தெரிஞ்ச குரல்தானேன்னு டெஸ்ட்ல போட்டுட்டு, கேட்ட மாதிரி டிக் போட்டேன். ரெண்டு தடவையும்.”

ரப்பர் குழாய் வாளியிலிருந்து நழுவியது. தண்ணீர் தரையில் பரவி வந்து அவள் காலை நனைத்தது.

“தங்கச்சி?” என்றார் தம்பி. “நீயா?”

அந்தச் சொல் வெளியே வந்ததும் அதைத் திரும்ப விழுங்க முடியுமா என்று பார்ப்பவர்போல அவர் வாய் மூடிக்கொண்டது.

“முகத்தைப் பார்த்தப்போ யாருன்னு கேட்டீங்க,” என்றார் கொழுந்தனார். “வாயைத் திறந்ததும் தங்கச்சி ஆயிட்டாங்க. எங்க வீட்டுல மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் சொந்தம் ஒட்டல சார்.”

“அலாரம் அடிச்சா போன் பண்ணுவாங்க, அதனால குரல் தெரியும்,” என்றார் தம்பி. “மீனுக்குத் தண்ணி மாத்த வர்றப்பல்லாம் அது அடிக்கும். அது ஒரு குத்தமா?”

“அதைத்தான் நானும் கேக்க வந்தேன்.” அம்மையார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஏன் அடிக்கணும்?”

“என்கிட்ட நம்பர் இல்ல.”

“இருந்துச்சே. சமையற்காரம்மா நம்பர்.”

“அவங்க நம்பரை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டேதான் அழுத்துவாங்க,” என்றார் டாக்டர் மெதுவாக. “நானே திட்டியிருக்கேன். ஹாலுக்கே கேக்கும்.”

“ஹாலுக்குக் கேட்டா மீன் தொட்டிக்கும் கேட்டிருக்கும்,” என்றார் அம்மையார். “அந்த நம்பரை அழுத்தியிருந்தா ஒரு நாள்கூட அலாரம் அடிச்சிருக்காது. கையில மருந்தை வெச்சுக்கிட்டு வாராவாரம் தலைவலின்னு ஒருத்தர் டாக்டருக்குப் போன் பண்ணினா, அவருக்கு வேண்டியது மருந்தில்ல.” அவளைப் பார்த்தார். “வேற என்னம்மா வேணும்?”

அவளுக்குப் புரிந்தது.

“நான் வேணும்,” என்றாள். “என் காதுக்கு அவர் குரலைப் பழக்கணும். நான் சொல் கேக்கறதை நிறுத்தற வரைக்கும்.”

ஒவ்வொரு சிரிப்பும், ஒவ்வொரு ‘சாப்பிட்டியா தங்கச்சி’யும் ஒத்திகை. தவறு ஒரு கணத்தில் நேர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தாள். அதைச் செடி வளர்ப்பதுபோல் ஒருவர் வாராவாரம் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறார். அதில் அவளுக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. டிக் போட்டது அவள் விரல்தான்.

தம்பி எழுந்து நின்றார். அக்காவைத்தான் பார்த்தார். “சமையக்காரிக்கு ஒரு நம்பர் கொடுத்தே. கூடப் பொறந்தவனுக்குக் கொடுத்தியா? அம்மாவோட அட்டிகை உனக்கு மட்டும் எப்படி ஆச்சு? எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா.”

“கேட்டிருந்தா கொடுத்திருப்பேனேடா.”

“கேட்டேன். அம்மா இறந்த வருஷம் ஒரு தடவை. மாமா போனப்புறம் ஒரு தடவை. அப்புறம் பேசலாம்னே.”

அது பொய்யாக இருந்திருந்தால் டாக்டர் மறுத்திருப்பார்.

“அதுக்காக அந்தம்மாவை உள்ள தள்ளினியா?” என்று கடைசியில் கேட்டார்.

“பெட்டி யாரோ ஒருத்தர் பேரைச் சொல்லியாகணும்,” என்றார் தம்பி. சொல்லிவிட்டு முதல் முறையாகத் தலை குனிந்தார். “அட்டிகை கடையிலதான் இருக்கு. விக்கல.”

அம்மையார் தன் போனை எடுத்து இன்ஸ்பெக்டரின் எண்ணைத் தேடினார். அழுத்துவதற்கு முன் நிறுத்தினார்.

“பதிவு கிடையாது. உன் வாய் வார்த்தைதான் இருக்கு. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். உங்க சூப்பர்வைசர் என்ன சொன்னார்னு நீயும் கேட்டே.”

“கேட்டேன் மேடம்.”

“வீட்டுல கேட்டுக்கணுமா?”

“வேண்டாம். கேட்டா நான் மாறிடுவேன்.”

கொழுந்தனார் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வெயில் நெருப்பாக இருந்தது. வாக்குமூலம் எழுதிக் கொடுத்துவிட்டு அவள் வெளியே வந்து நின்றாள். டாக்டர் வண்டியிலிருந்து இறங்கவில்லை. இரண்டு முறை கதவைத் திறந்து இரண்டு முறையும் சாத்திக்கொண்டார்.

சமையற்காரம்மா வெளியே வந்தார். அவள் கற்பனை செய்திருந்ததைவிட இளையவர். சேலை கசங்கியிருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு தெருவைப் பார்த்தார், பிறகு இவர்களைப் பார்த்தார்.

“வீட்டுக்குப் போகலாம்மா,” என்றார் அம்மையார். “எல்லாம் முடிஞ்சுது.”

“இந்தப் பொண்ணு யாரு?”

அம்மையார் வாயைத் திறந்தார். அதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

“நான் அலாரம் ஆபீஸ்ல இருக்கேன். உங்க நம்பர்னு போலீசுக்குத் தாள் கொடுத்தது நான்தான். நான் செய்ய வேண்டிய ஒண்ணைச் செய்யல. அதனாலதான் இப்படி ஆச்சு.”

“அது உனக்கு எப்போ தெரியும்?”

காலையில் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான்.

“நேத்து ராத்திரியே எனக்கு உறுத்திச்சு.”

சமையற்காரம்மா அவளைச் சிறிது நேரம் பார்த்தார். அடிப்பாரோ என்று தோன்றியது. அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் தோன்றியது.

“ராத்திரி பூரா பெஞ்சுல உக்காந்தே இருந்தேன்,” என்றார் அவர். “பக்கத்துல ஒரு குடிகாரன். அவன் என்னை அம்மா அம்மான்னு கூப்பிட்டு அழுதுக்கிட்டே இருந்தான்.” கையை நீட்டினார். “போன் இருந்தா குடு. என் பொண்ணுகிட்ட பேசணும். அவ என்னை என்ன நினைச்சுக்கிட்டு இருக்காளோ.”

அவள் போனைத் திறந்து கொடுத்தாள். சமையற்காரம்மா எண்ணை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்தினார். மறுமுனையில் எடுத்ததும் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. “இல்லடி, நான் எடுக்கலன்னு அவங்களே சொல்லிட்டாங்க,” என்பது மட்டும் கேட்டது. பிறகு பேச்சு நீண்டது. அடுப்பில் என்ன வைத்தாய், உன் தம்பி பள்ளிக்கூடம் போனானா, யார் யாருக்கு விஷயம் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்துப் போனைக் காதிலிருந்து விலக்கித் திரையைப் பார்த்தார். “நடுவுல யாரோ கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்களே. சூப்பர்வைசராம்.”

“நீங்க பேசுங்கம்மா,” என்றாள் அவள். “அவர் காத்திருப்பார்.”

“தங்கச்சி” என்று கூப்பிட வாயெடுத்த கொழுந்தனார், நாக்கைக் கடித்துக்கொண்டு, “இப்படி நிழலுக்கு வாம்மா,” என்றார்.

அவள் வரவில்லை. சமையற்காரம்மா பேசி முடிக்கும்வரை அங்கேயே, வெயிலில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் அவசரப்படாமல் பேசினார்.